விழுந்த வண்டியை உடனே கிளப்பாதீர்கள்

சிக்னலில் நிற்கும்போது ஊன்றிய கால் மணலில் வழுக்கும். குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பும்போது பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் ஹேண்டில் மடங்கிப் படுத்துவிடும். மழையில் ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்டு புதைந்து, பக்கத்தில் ஆளே இல்லாத நேரத்தில் வண்டி தானாகச் சாய்ந்து கிடக்கும். வேகம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. விழுந்தவர் அவசரமாக எழுந்து, பின்னால் ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்துக் கூசி, யாரோ இருவர் கைகொடுக்க வண்டியை நிமிர்த்தி, செல்ஃப் அடித்துப் போய்விடுவார். இதை விபத்து என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்த்தாக வேண்டும். வேகமாக மோதிய வண்டி நகராது. ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், அங்கே ஒருவர் முழுக்கப் பிரித்துப் பார்ப்பார். மெதுவாகச் சாய்ந்த வண்டியோ ஓடும். ஓடுகிறது என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. பாதி விரிசல் விட்ட பிரேக் லீவர் அன்று மாலை வீடுவரை தாங்கும். மறுவாரம் பைபாஸில், முன்னால் போகும் லாரி திடீரென நிற்கும்போது கையோடு வரும்.

பணக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான மோட்டார் வாகனப் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்றைப் பலர் படித்ததே இல்லை. விபத்துக்குப் பிறகு, தேவையான பழுதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அது. கிளட்ச் கவரில் விழுந்த ஓட்டை வழியே ஆயில் ஒழுக ஒழுக இருபது கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் சீஸ் ஆனால், கவருக்குப் பணம் கிடைக்கும்; எஞ்சினுக்குக் கிடைக்காது. விழுந்த இடத்தில் செலவழிக்கும் பத்து நிமிடம் உடம்பையும் வண்டியையும் இன்சூரன்ஸ் உரிமையையும் சேர்த்தே காப்பாற்றும்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆளை. விழுந்த வேகத்தில் வலி தெரியாது. கணுக்கால், மணிக்கட்டு, தோள்பட்டை மூன்றும்தான் இந்த மாதிரி விழுகையில் அதிகம் மாட்டிக்கொள்ளும். விரல்களை மடக்கி நீட்டி, காலை ஊன்றிப் பார்த்து, சூடான சைலன்சரில் கெண்டைக்கால் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலை தரையில் மோதியிருந்தால் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் அதோடு முடிந்தது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி ஒருமுறை அழுந்தினால் திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும். தலைசுற்றல், வாந்தி, மறதி இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நாடு முழுவதற்குமாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குப் பணம் கட்டாத சிகிச்சை தருகிறது. உதவ வருபவர்கள் போலீஸ் கேஸுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஆள் நலம் என்றால் அடுத்தது சாவி. சாய்ந்து கிடக்கும் வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கில் சுவிட்சையோ சாவியையோ உடனே அணைக்க வேண்டும். படுத்த நிலையில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதால் எஞ்சினுக்குள் பாகங்கள் வறண்டு உரசும். பெட்ரோல் மூடி வழியே கசிகிறதா என்று பார்த்து, சிகரெட்டும் தீக்குச்சியும் கையுமாகக் கூடும் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். போக்குவரத்து இடம் தந்தால், நிமிர்த்தும் முன் செல்போனில் நாலைந்து படம்: வண்டி கிடக்கும் கோலம், நம்பர் பிளேட், சாலையில் இருந்த மணல் அல்லது பள்ளம், சுற்றியுள்ள கடைப்பலகை. இந்தப் படங்களை எடுக்க ஒரு நிமிடம் போதும். பின்னால் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும் பாதிக் கேள்விக்கு இவையே பதில்.

நிமிர்த்துவதிலும் முறை உண்டு. ஸ்பிளெண்டர் ரக வண்டியே 110 கிலோவைத் தாண்டும். கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. முகத்தை வண்டிப் பக்கம் வைத்துக் குனிந்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் உட்காரப் போவதுபோல் இடுப்பை ஒட்டி, ஒரு கையால் ஹேண்டில் கிரிப்பையும் இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலை உந்திப் பின்னோக்கி அடி வைத்தால் வண்டி எழுந்துகொள்ளும். வலப்பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிட வேண்டும். இல்லையென்றால் எழுந்த வேகத்தில் மறுபக்கம் சாயும்.

நிமிர்த்திய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பலர் பதறுகிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அவற்றில் பல வண்டிகளில், குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்தால் பெட்ரோல் பம்பையும் எஞ்சினையும் நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது. நிமிர்த்திய பின்னும் அது அப்படியே நிற்கும். சாவியை ஆஃப் செய்து, சில நொடி விட்டு மறுபடி ஆன் செய்தால் போதும். இது தெரியாமல் செல்ஃபை அழுத்தி அழுத்தி பேட்டரியைத் தீர்த்துவிட்டு, ‘எஞ்சின் போச்சு’ என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதை அப்படியே நம்ப வைத்து பில் போடும் கடைகளும் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் உள்ளே வழிந்திருக்கும். சில நிமிடம் விட்டு, ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்துவைத்து அடித்தால் எடுக்கும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வந்தால் பயம் வேண்டாம்; ஆயில் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குப் போயிருக்கும். புகை அடங்காமல் நீலமாகவே வந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் ‘டொக்’ என்று முட்டி நின்றாலோ அதற்கு மேல் அழுத்தக் கூடாது. சிலிண்டருக்குள் திரவம் இறங்கியிருந்தால் வலுக்கட்டாயமாகச் சுற்றும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், எஞ்சின் அணைந்திருக்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆக்சிலேட்டர்.

வண்டி வலப்பக்கம் சாயும்போது தரையில் முதலில் மோதுவது ஹேண்டிலின் நுனி. அந்த அடியில் நுனியில் இருக்கும் எடைக்கட்டை உள்ளே தள்ளப்பட்டு கிரிப் ரப்பரை நெருக்கும். அல்லது சுவிட்ச் பெட்டி அரை சுற்று நகர்ந்து கேபிளை இழுத்துப் பிடிக்கும். திருகினால் திரும்பும், விட்டால் மெதுவாகவோ பாதியிலோ நிற்கும். சோதிப்பது சுலபம். முழுக்கத் திருகிக் கையை எடுத்தால் ‘டக்’ என்று மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒருமுறை, இடக்கடைசி வரை ஒடித்து ஒருமுறை, வலக்கடைசி வரை ஒடித்து ஒருமுறை. மூன்றில் ஏதாவது ஒன்றில் சோம்பினாலும் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஹேண்டிலை ஒடிக்கும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும்: நடுவில் எங்காவது குழியில் விழுந்ததுபோல் நிற்கிறதா, கரகரக்கிறதா. அப்படியானால் ஹேண்டில் சுழலும் கோன் செட்டில் அடி.

அடுத்தது லீவர்கள். வெளியே தெரியும் வளைவைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. லீவர் போல்ட்டில் சுழலும் இடத்தைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். முடி அளவுக்கு ஒரு கோடு நகத்தில் இடறினால் அது விரிசல். லீவர் அலுமினியம், ஒருமுறை வளைந்ததைத் திரும்ப நிமிர்த்தினால் உள்ளே இன்னும் பலவீனமாகும். சாலையோரத்தில் பைப்பை மாட்டி ‘நிமிர்த்தித் தருகிறேன்’ என்று உதவ வருபவரின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லி, லீவரை மாற்றிவிடுவதே சரி. சில கம்பெனி லீவர்களில் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிறு வெட்டு இருக்கும். அடிபட்டால் நுனி மட்டும் அங்கே முறிந்து, இரண்டு விரலுக்குப் பிடிக்க மிச்சம் இருக்கட்டும் என்று வைத்தது அது.

டிஸ்க் பிரேக்கை அழுத்தினால் கல்லைப் போல் உறுதியாக நிற்க வேண்டும்; பஞ்சுபோல் அமுங்கினால் ஆயில் லைனில் காற்று. காலால் மிதிக்கும் பிரேக் பெடல் உள்பக்கம் வளைந்து கவரிலோ கிராஷ் கார்டிலோ முட்டுகிறதா என்று கையால் அழுத்திப் பார்க்கலாம். இடப்பக்கம் விழுந்திருந்தால் கியர் லீவர். அது கவரோடு ஒட்டிக்கொண்டால் கியர் மேலே போகும், கீழே வராது. இரும்பு கியர் லீவரைக் கழற்றி வைஸில் பிடித்து நிமிர்த்துவது செய்யக்கூடிய வேலைதான். வண்டியில் மாட்டியபடியே சுத்தியலால் தட்டினால் உள்ளே போகும் கியர் ஷாஃப்ட் வளைந்து, நூறு ரூபாய் வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். கவருக்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்துப் பத்து நிமிடம் விட்டால் ஆயில் கசிவு இருக்கிறதா என்பது புள்ளியாக விழுந்து சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு ‘ஹேண்டில் லேசா இழுக்குது’ என்று தோன்றினால் ஃபோர்க்கைச் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் தேவையில்லாத செலவு அதிகம் நடக்கிறது. வண்டியின் முன்னால் நின்று, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்து நேராக வைத்துவிட்டு, இரண்டு ஃபோர்க்கையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் ‘டீ’யைப் பார்க்க வேண்டும். டீ சக்கரத்துக்குச் சரியாகக் குறுக்கே இருந்து, மேலே இருக்கும் பார் மட்டும் கோணினால், வளைந்தது ஹேண்டில் பார். டீயே சக்கரத்துக்குக் கோணலாக நின்றால், ஃபோர்க் அதன் பிடிக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு ஸ்பேரும் தேவைப்படாது. முன் ஆக்சில், மட்கார்டு போல்ட், கீழ் டீயின் இறுக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை நாலு முறை மேலும் கீழும் அமுக்கினால் ஃபோர்க் தன் இடத்துக்கு வந்துவிடும். பிறகு டார்க் ரெஞ்ச்சில் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். அரை மணி நேர லேபர். அதன் பிறகும் கோணினால்தான் ஃபோர்க் குழாயைக் கழற்ற வேண்டும். நல்ல மெக்கானிக் அதைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் உருட்டிக் காட்டுவார். நேரான குழாய் ஒட்டி உருளும். வளைந்ததற்கு அடியில் ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் தெரிந்து மறையும். ‘ஃபோர்க் பெண்ட், செட்டா மாத்தணும்’ என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையைத் தன் கண்முன் செய்யச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

ஸ்போக் சக்கரத்தில் கோட்டம் எடுக்கலாம். அலாய் சக்கரத்தைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் வெல்டிங் வைப்பதும் வேண்டாத விஷப்பரீட்சை. ஹேண்டில் பாரை பிரஸ்ஸில் போட்டு நிமிர்த்துவதும் அப்படித்தான். ஏபிஎஸ் வண்டியாக இருந்தால், புறப்பட்டுச் சில மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணைய வேண்டும்; அணையவில்லை என்றால் சக்கரத்தருகே இருக்கும் சென்சாரோ அதன் வயரோ அடிபட்டிருக்கலாம். மின்சார ஸ்கூட்டர் என்றால் கவலைப்பட வேண்டிய இடம் பேட்டரிப் பெட்டி. அதில் விரிசல், வீக்கம், வினோத வாசனை, சூடு எது தெரிந்தாலும் சார்ஜ் போடக் கூடாது, வீட்டுக்குள்ளும் நிறுத்தக் கூடாது. கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை திறந்தவெளியில் தனியாக நிற்கட்டும்.

இனி கடை. சென்னையில் லீவரும் இன்டிகேட்டரும் ஃபுட்ரெஸ்ட்டும் தேடிப் புதுப்பேட்டைக்குப் போகாத வண்டிக்காரர் குறைவு. பிரித்து விற்கும் பழைய கம்பெனி பாகங்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும். மட்கார்டு, கண்ணாடி, பக்கவாட்டு பேனல் போன்றவற்றுக்கு அதில் தவறில்லை. உயிரைத் தாங்கும் பாகங்களுக்கு அந்தச் சிக்கனம் கூடாது. பிரேக் லீவர், ஹேண்டில் பார், ஃபோர்க், பிரேக் ஹோஸ், சக்கரம் ஆகியவை கம்பெனி பெயர், பாக எண், அதிகபட்ச விலை அச்சிட்ட பெட்டியில், பில்லோடு வர வேண்டும். பில் கேட்டால் ‘விலை கூடும்’ என்பார்கள். கூடினாலும் வாங்குவதே லாபம். பில் இல்லாத லீவர் முறிந்தால் யாரிடம் போய் நிற்பது?

சர்வீஸ் சென்டரிலும் தெருமுனை மெக்கானிக்கிடமும் கேட்க வேண்டியது ஒன்றே: வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட். அதில் மாற்றப்போகும் பாகம், அதன் விலை, லேபர் தனித்தனியாக இருக்க வேண்டும். கூடுதலாக ஏதாவது தெரிந்தால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடலாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். இன்சூரன்ஸில் பணம் வாங்கும்போது மட்டும் அது கம்பெனிக்குப் போகும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைப்படி பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவது, அரைகுறையாகச் செய்து தருவது, நன்றாக இருக்கும் பாகத்தைக் கெட்டது என்று மாற்றுவது எல்லாமே அதன் கீழ் புகாராகும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

‘வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும்’ என்ற மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள்மீது ஏறத்தாழ ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. ஸ்பேர் பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிக் கடைகளுக்குத் தராமல் சந்தையைக் கைக்குள் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கும் கார்களைப் பற்றியதுதான். ஆனாலும் அதிலுள்ள நியாயம் பைக்குக்கும் பொருந்தும்: வெளியே இன்டிகேட்டர் மாற்றியதற்கும் எஞ்சின் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேட்கலாம். எழுத்தில் கேட்டால் பல மிரட்டல்கள் அங்கேயே ஓய்ந்துவிடும்.

அடுத்து இன்சூரன்ஸ். ‘அஞ்சு வருஷத்துக்குப் போட்டிருக்கு சார்’ என்று நிம்மதியாகச் சொல்பவர்களில் பலருக்கு, விழுந்த வண்டிக்கு ஒரு பைசாவும் வராது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். அந்த ஐந்தாண்டுப் பாலிசிக்குப் பின்னால் கோவைக்காரர் ஒருவரின் நல்ல முயற்சி இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புது பைக்குக்கு ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது. செப்டம்பர் 1 முதல் நடைமுறையானது. அடிபடும் அடுத்தவரைக் காக்கும் ஏற்பாடு அது. சொந்த வண்டியின் சேதத்துக்கான பாலிசி வேறு. 2020 ஆகஸ்ட் முதல் புது வண்டியோடு அது பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் வந்தது. முதல் ஆண்டு முடிந்ததும் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். கையில் ஐந்தாண்டுத் தாள் இருப்பதால் பலர் புதுப்பிப்பதில்லை. இந்தக் கட்டுரையைப் படிப்பவர் தன் பாலிசியை எடுத்து ‘ஓன் டேமேஜ்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் தேதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதே தாளில் இருக்கும் ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கைமுறிவுக்குக் கட்டுப்போட்ட செலவுக்கு அல்ல.

கிளெய்ம் போடலாமா வேண்டாமா என்பதும் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியைக் கழித்துவிடுவார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு: ஆறு மாதம் வரை இல்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35. இதற்கு மேல் பைக்குக்குக் கட்டாயப் பிடித்தம் ரூ.100. இரண்டரை வயது வண்டிக்கு பிளாஸ்டிக் பாகம் ரூ.3,000, உலோகப் பாகம் ரூ.2,000, லேபர் ரூ.800 என்று வைத்துக்கொண்டால், வரியை விட்டுவிட்டு மொத்தம் ரூ.5,800. இதில் கம்பெனி தருவது 1,500, 1,700, 800 ஆகியவற்றின் கூட்டில் 100 போக ரூ.3,900. மீதி ரூ.1,900 கைக்காசு. இன்னொரு பக்கம், கிளெய்ம் போட்டதும் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுவது. மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். மேலே சொன்ன கணக்கில் கிளெய்ம் லாபம். லீவரும் ஒரு கண்ணாடியும் மட்டும் போயிருந்தால் பேசாமல் கைக்காசு போட்டு மாற்றிவிடலாம். ஜீரோ டெப் எடுத்தவருக்குக் கழிவு இல்லை என்பதால் கணக்கு வேறு.

‘பழைய கீறலையும் இதோடு சேர்த்துவிடலாம்’ என்று சர்வீஸ் சென்டரில் ஆசை காட்டுபவர்கள் இருப்பார்கள். சேர்த்தால் அது பொய் கிளெய்ம். இடப்பக்கம் விழுந்த வண்டியில் வலப்பக்க சைலன்சர் கீறலைச் சர்வேயர் பார்த்தால், உண்மையான சேதத்துக்கும் பணம் வராமல் போகும்.

விழுந்த அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண்ணை வாங்கிவிட வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கக் கூடாது. யாருக்கும் காயமில்லாத சின்னச் சேதத்துக்குப் பொதுவாக எஃப்ஐஆர் தேவைப்படாது. தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் நியாயமான கிளெய்மை இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆவணம் போதவில்லை என்று சொல்லியும் நிராகரிக்கக் கூடாது என்கிறது 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கை. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 155255 என்ற எண்ணிலும் ‘பீமா பரோசா’ தளத்திலும் ஆணையத்துக்குப் புகார் போடலாம். கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். சென்னையில் அண்ணாசாலை, தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் இல்லை, ரூ.50 லட்சம் வரையான தகராறுகளைக் கேட்பார், அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நிராகரித்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தன் வண்டி சாய்ந்து அடுத்தவர் காரில் கோடு போட்டாலோ, நடந்துபோனவர் காலில் விழுந்தாலோ விஷயம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யவும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லவும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் ஓட்டியவரைக் கட்டாயப்படுத்துகிறது. வழக்கமான பைக் பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு ரூ.1 லட்சம் வரை காப்பு இருக்கும். தெருவிலேயே மிரட்டிப் பணம் கேட்பவரிடம் பாலிசி எண்ணைத் தந்துவிட்டு, ஸ்டேஷனில் புகார் பதிந்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

நிறுத்திவைத்த வண்டியை இன்னொருவர் தள்ளிவிடுவதும் தினம் நடக்கிறது. ரயில் நிலைய இருசக்கர வாகன நிறுத்தங்களில், இடம் பிடிக்க ஆட்கள் வண்டிகளைத் தூக்கி நகர்த்தும்போது ஒரு வரிசையே சரியும். மாலையில் வருபவருக்கு உடைந்த கண்ணாடியும் வளைந்த கிளட்ச் லீவரும் காத்திருக்கும். கேட்டால் டோக்கனின் பின்னால் அச்சிட்ட ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வரியைக் காட்டுவார்கள். அந்த ஒரு வரி எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க வைக்காது. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998-ல், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பார்த்துக்கொள்ளும் கடமையில் தவறிவிட்டு, சீட்டில் அச்சிட்ட வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. சாவியை ஒப்படைக்காத பைக் நிறுத்தத்தில் வாதம் இவ்வளவு சுலபமாக இருக்காது. காசு வாங்கி, தன் ஆட்களைக் கொண்டு வண்டியை நகர்த்தினார்கள் என்பதைக் காட்ட வேண்டும். அதற்குக் காலையில் நிறுத்தும்போது எடுத்த ஒரு படமும், டோக்கனும், வெளியேறும் முன் அங்கேயே எழுதிக் கொடுத்த புகாரின் நகலும் வேண்டும். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் வண்டி விழுந்தால் இந்தச் சிக்கல்கூட இல்லை. சாவியும் வண்டியும் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தன. ஜாப் கார்டில் வண்டியின் நிலை குறித்திருப்பதே சாட்சி.

விழ வைத்தது சாலையாக இருந்தால்? கேபிள் பதிக்கத் தோண்டி மூடாத பள்ளமும், ஜல்லி கொட்டிவிட்டுப் போன திருப்பமும் ஒப்பந்ததாரரின் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் விதிமுறையைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ.1 லட்சம் வரை தண்டம் என்கிறது. உயிர் போகும்வரை, கால் போகும்வரை காத்திருக்கும் சட்டம் அது. சின்ன விழுகைக்கு அதில் இடமில்லாதது பெரிய குறை. இருந்தாலும் சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணும், நெடுஞ்சாலைத் துறை சாலைகளுக்கு ‘நம்ம சாலை’ செயலியும் இருக்கின்றன. வண்டியை நிமிர்த்தும் முன் எடுத்த படத்தையே, இடத்தின் பெயரோடு அங்கே ஏற்றிவிட்டுப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதே இடத்தில் பின்னால் ஒருவர் மோசமாக விழுந்து வழக்கு வந்தால், பள்ளம் அங்கே இருப்பது துறைக்கு எந்தத் தேதியிலிருந்து தெரியும் என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம்.